தலைப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்

கோட்டும் தலைப்பாகையுமாகக் கந்தோர் வேலை முடிந்து வருகிற ஒரு மனுசன் சிராங்கூன் ரோட்டுச் சந்தையில் புளிப்புக் காய் தேடி அலைவதை ஊரில் யாராவது கண்டால், ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன கிழமை ஒரு சீனன் கடையில் என் அரைகுறை மலாயில் கேட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. வயிற்றைத் தொட்டு, வாந்தி எடுப்பதுபோல் நடித்தும் காட்டினேன். கடைக்காரன் மிகுந்த அனுதாபத்தோடு உள்ளே போய், வயிற்றுக் கோளாறுக்கு ஒரு சிமிழ் நிறையக் கறுப்பு உருண்டைகள் கொண்டுவந்து தந்தான். எனக்கில்லையப்பா, பெண்சாதிக்கு என்று அவனுக்கு எப்படி விளக்குவது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கெடொண்டொங் என்று கேட்டிருக்க வேண்டுமாம். நம்முடைய அம்பரலங்காய்தான் அது.

ஊரில் ஆண்களுக்கு இந்த அலைச்சல் கிடையாது. ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் தாய்க்குத் தெரியும், தமக்கைக்குத் தெரியும், பக்கத்து வளவுக்காரிக்கும் தெரியும். கட்டின புருசனுக்குக் கடைசியில்தான் தெரியும். அவன் செய்ய வேண்டியது, சிரித்துக்கொண்டு வெளியே போவது ஒன்றுதான். ஜாலான் புசார் பக்கத்து மாடியறையில் பொன்னம்மாவையும் என்னையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? காலையில் அவள் ஓங்காளிக்கத் தொடங்கினால் எனக்குக் கை கால் ஓடாது. கதவுக்கும் சன்னலுக்குமாக நடப்பேன். கந்தோரில் மட்டும் பெரிய ஆள்போலத் தலைப்பிள்ளை, தலைப்பிள்ளை என்று சொல்லித் திரிந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அவளுடைய தாயார், என் மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தார். என்னோடு வேலைசெய்யும் கந்தையர் அடுத்த கப்பலில் குடும்பத்தோடு கொழும்புக்குப் போகிறார். அவர்களோடு இவளையும் அனுப்புவதென்று பேசி முடித்தாயிற்று.

அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று தாதி பிலோமினாவைக் கூப்பிட்டேன். மலாக்காவில் பிறந்த கத்தோலிக்கத் தமிழச்சி. இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். அவள் பையை வைத்ததும் நான் ஊர்ப் பழக்கத்தில் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? வீட்டுல வேற பொம்பளை யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப தாயும் நீங்கதான், மாமியாரும் நீங்கதான். உக்காந்து கேட்டுக்குங்க லா."

உட்கார்ந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியாக எப்போது தீட்டுக் குளித்தது என்று கேட்டாள். தைப்பூசம் கழிந்த கையோடு என்றாள் பொன்னம்மா. கீழ் இமையை இழுத்து இரத்தம் போதுமா என்று பார்த்தாள். கால் வீங்குகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கில் காய்ச்சி, வெள்ளையாகத் திரளவில்லை, நல்லது என்றாள். சாப்பிட்டதில் என்ன தங்குகிறது, எது வெளியே வருகிறது, கீழே குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்குவது யார் என்று அடுக்கிக்கொண்டே போனாள். தூக்குவது இவள்தான் என்றபோது மிஸ்ஸி பார்த்தது என்னை.

"இதுக்கு முன்னாடி உண்டாகியிருந்தாங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "இல்லை மிஸ்ஸி. இதுதான் தலைப்பிள்ளை."

பொன்னம்மா பாயைப் பார்த்தபடி சொன்னாள். "இது ரெண்டாவது."

கலியாணத்துக்கு லீவில் போய், ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டு நான் தனியாகத் திரும்பியிருந்தேன். அந்த ஒரு மாதத்தில் தங்கிய கரு, நான் வந்த பிறகு மூன்றாம் மாதத்தில் போய்விட்டதாம். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "கடல் கடந்து தனிய இருக்கிற மனுசன், கேட்டால் உடைஞ்சு போவார், சொல்லாதை எண்டு அம்மா சொன்னவ" என்றாள். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்னமும் தெரியவில்லை. பிறகு இங்கே வந்து, இந்த அறையில் இத்தனை மாதம் என்னோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவள் ஒரு சாவை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நானோ ஊரெல்லாம் தலைப்பிள்ளை என்று தம்பட்டம் அடித்திருக்கிறேன்.

"கோவத்த அப்புறம் வெச்சுக்குங்க" என்றாள் மிஸ்ஸி. "போனதடவை மூணாம் மாசத்துல போயிருக்கு. இப்பவும் மூணாம் மாசம்தான். கப்பல் வேணாம். பாரம் தூக்க வேணாம். கஞ்சிய கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே ஆளனுப்புங்க." இதையெல்லாம் பொன்னம்மாவிடம் அல்ல, என்னிடம்தான் சொன்னாள்.

மிஸ்ஸியை வழியனுப்பிவிட்டு வந்து பாயருகே உட்கார்ந்தேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"அதை எங்கை புதைச்சனீங்கள்?"

"கிணத்தடி எலுமிச்சைக்குக் கீழை." பிறகு அவளே, "ஒண்டை அங்கை விட்டிட்டு வந்தனான். இதைக் கடலிலை விட ஏலாது. நான் போகமாட்டன்" என்றாள்.

அந்த மூன்றாம் மாதம் இன்னும் கழியவில்லை. தண்ணீர் வாளியோடு நான் மாடி ஏறுவதைப் பார்த்துக் கீழ்வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கந்தோரில் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. படியில் காலடி கேட்டால் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று எழுந்து நிற்கிறேன். கலியாணமான மாதம் பொன்னம்மாவின் அந்தச் சீதன வீட்டுக் கிணற்றடியில் நான் எத்தனை காலை முகம் கழுவியிருப்பேன். ஊரில் விட்டுவந்தது பெற்றவர்களையும் காணியையும்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கும் அங்கே ஒரு பிள்ளை கிடக்கிறது. இங்கே ஒன்று தங்குமா என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

கப்பலுக்கு முதல்நாள் கந்தையர் கேட்டார். "வீட்டுக்கு ஏதும் சொல்லவேணுமோ?"

"இவ இஞ்சை பெறட்டும் எண்டு மாமியிட்டைச் சொல்லுங்கோ." அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். முடியவில்லை. "கிணத்தடி எலுமிச்சைக்கு நான் ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொன்னதெண்டும் சொல்லுங்கோ."

கந்தையர் சிரித்தார். "இதென்ன ஐசே, ஒரு மரத்துக்கோ சேதி அனுப்புறீர்?"

"சொல்லுங்கோ. மாமிக்கு விளங்கும்" என்றேன்.