கதவுக்கு வெளியே நின்ற என்னை ஆண்டவர் கண்டார்

என் பெயர் எஸ்தர். இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கடைசி லயத்தில் பிறந்தவள். ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றிகெட்டவள்.

1961இல் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்தேன். ஒருநாள் விடுதிப் பொறுப்பாளர் அம்மா என்னை அழைத்தார். வாரம் ஒரு கட்டுரை எழுதி விரிவுரையாளரிடம் நேரில் காட்ட வேண்டும்; நான் போவதே இல்லையாம். இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம்.

நானா போகவில்லை? வாரம் தவறாமல் போனேன். எழுதிய கட்டுரையை நெஞ்சோடு அணைத்தபடி அவர் அறைக்கு வெளியே நிற்பேன். மற்றவர்கள் வருவார்கள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். அவர்களை முன்பே வரச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கால் மரத்துப்போகும்வரை நின்றுவிட்டுத் திரும்புவேன். லயத்துப் பிள்ளை என்பதால்தான் கூப்பிடவில்லை என்று உள்ளுக்குள் குமைந்தேன்.

யாரிடம் கேட்பது? புதிதாக வருகிறவள் ஒவ்வொருத்திக்கும் இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தியைத் துணையாக விடுவது எங்கள் விடுதி வழக்கம். எனக்கென்று சொல்லப்பட்டவள் காய்ச்சலோடு ஊருக்குப் போனவள், திரும்பவே இல்லை. என்னை எல்லோரும் மறந்துபோனார்கள்.

பெட்டியைக் கட்டினேன். ஊருக்குப் போனால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பெயர் பதிந்துகொள்வார், கொழுந்து பறிக்கக் கூடையோடு மலைக்கு ஏற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. என்னைக் காட்டிக்காட்டியே எங்கள் லயத்தில் இனி ஒரு பெண்பிள்ளையையும் படிக்க விடமாட்டார்கள். அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? செத்தால் தேவலை என்றிருந்தது.

பெட்டிமேல் முகம் கவிழ்ந்து அழுதேன். அதுவரை என் ஜெபமெல்லாம் பயந்து பயந்து, சுற்றிவளைத்துத்தான் இருக்கும். அன்று அப்படி வரவில்லை. "ஆண்டவரே, என்னால முடியல. எனக்கு ஒரு ஆளைக் குடுங்க. இன்னைக்கே குடுங்க" என்று கதறினேன்.

அன்று மாலையே குசுமா அக்கா வந்தாள். கொத்மலைச் சிங்களப் பெண், இரண்டாம் வருடம். துணையில்லாத என்னை யாரோ அப்போதுதான் நினைத்து அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். தோட்டத்தை ஒட்டி வளர்ந்தவள், எங்கள் தமிழ் கொஞ்சம் வரும். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"ஏன் நங்கி, கதவு தட்டுறது இல்லையா?" என்றாள். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.

"கூப்பிடாம எப்படிக்கா உள்ள போறது?"

என்னையே பார்த்தாள். "பங்களா பின்னால நிக்கிற மாதிரியா?" என்று மெதுவாகக் கேட்டாள். தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிடும்வரை எங்கள் ஆட்கள் பங்களாவின் பின்பக்கம் காத்து நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் அவள். "கூப்பிடாம உள்ள போயிறாதம்மா, மரியாதை முக்கியம்" என்று அப்பா சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றினார்.

மறுநாள் அவளே கூட்டிப்போனாள். தட்டச் சொன்னாள். தட்டினேன்.

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். "இவ்வளவு நாளும் எங்கை பிள்ளை போனனீர்?" என்று கேட்டார்.

"வெளியிலதான் நின்னேங்க ஐயா."

எழுந்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். அடுத்த வருடம் துணையில்லாத புதுப் பிள்ளைகளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருத்தியையும் முதல் வாரமே கூட்டிப்போய்க் கதவைத் தட்ட வைத்தேன்.

ஜெபத்திலும் பின்வாசலில் நிற்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். உள்ளே போய், வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். அவர் துரை இல்லை, நம் அப்பா.