தானாகத் திறந்த பக்கம்

மரவள்ளிக்கிழங்கு மாவு புளிக்கும் வாடை, ராசிபுரத்தைத் தாண்டும்போது மூடிய கார்க் கண்ணாடிக்குள்ளும் வந்துவிடும். கூடவே அந்தப் பெண்ணும் வந்துவிடுகிறாள்.

அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். வாசித்துக் காட்டினால் எதற்கும் பதில் சொல்வாள். தானாக ஒரு வரி படிக்க முடியாது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். இல்லாவிட்டால் அவள் அம்மாவைப் போல ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு காயவைக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து கற்பிப்பதுதான் என் வேலை. ஒரு வெற்றியாவது அவளுக்கு இருக்கட்டுமென்று, ஆறு மாதம் ஒரே பாடத்தை விரல் வைத்துப் படிக்கவைத்தேன்.

சான்றிதழ் முகாமில், படிக்கச் சொல்லிப் பார்க்க மருத்துவர் அவள் புத்தகத்தையே வாங்கினார். பழகிய அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அவள் கடகடவென்று ஒப்பித்தாள்.

"நல்லாத்தானேம்மா படிக்குது? உங்களுக்கெல்லாம் சர்டிபிகேட்னா வெளையாட்டாப் போச்சு."

"மனப்பாடம் சார். வேற பக்கம் குடுத்துப் பாருங்க சார்," என்று கெஞ்சினேன்.

"அடுத்த வருஷம் வாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். தேர்வுக்கு இன்னும் இரண்டே மாதம்.

வெளியே அவள் அம்மா ஓடிவந்தார். "ஏனுங்க டீச்சர், சர்டிபிகேட்டு குடுத்துட்டாங்களா?"

அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. மகள்தான் படியில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிக் கத்தினாள்:

"ஒரு தப்புகூட விடலைங்க டீச்சர், பாத்தீங்களா?"