ஆறாவது ஆளின் பிறந்த தேதி

என்னிடம் இருபத்து மூன்று நோட்டுகள் இருக்கின்றன. எல்லாம் கோடு போட்ட இருநூறு பக்க நோட்டுகள். நம் நாட்டில் நானூறு மீட்டர் ஓடிய ஆண்களைப் பற்றி மட்டும் அவற்றில் எழுதியிருக்கிறேன்: யார் எப்போது பிறந்தார், எந்த வருடம் பெரிய போட்டியில் முதலில் ஓடினார், எந்த வருடம் தன் மிகச் சிறந்த நேரத்தைத் தொட்டார், எந்த வருடத்தோடு செய்தித்தாளில் பெயர் வருவது நின்றுபோனது. நூறு மீட்டர்காரர்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. மாரத்தான்காரர்களுக்குத் தெருவுக்குத் தெரு சங்கம் உண்டு. ஒரே ஒரு சுற்று ஓடிவிட்டுப் புல்லில் விழுந்து வாந்தி எடுக்கிறவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதி வைக்கவில்லை என்று எனக்குப் பட்டது. ராயபுரத்தில் இறக்குமதி ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. கப்பல் வந்த தேதியில் ஒரு நாள் பிசகினால் கண்டெய்னர் அசையாது. தேதி என்றால் எனக்கு இருக்கும் பயம் அங்கிருந்து வந்தது.

எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டில் இருந்தவன் அந்த நோட்டுகளில் ஒருவன். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாநிலத்துக்காகப் பல வருடம் ஓடியவன். நாட்டுக்காக மூன்று முறை வெளிநாடு போயிருக்கிறான், ஒருமுறைகூட ஓடியதில்லை. ஆளுக்கு ஒரு சுற்று வீதம் நான்கு பேர் ஓடும் தொடரோட்டத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து அழைத்துப்போவார்கள். இவன் மூன்று தடவையும் ஆறாவது ஆள். ஓடுகிற நான்கு பேருடைய பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஐந்தாவது ஆள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்வான். முதுகில் நாட்டின் பெயர் போட்ட மூன்று டிராக் சூட்டுகள் அவன் வீட்டுக் கொடியில் தொங்கும். காசிமேட்டு நண்பர்களுக்கு அவற்றைப் பார்த்தாலே குஷிதான்.

"மாமு, இந்த வாட்டி எந்த ஊர்ல போய் பை தூக்கினு நிக்கப் போற?"

"அந்தப் பையில இன்னாதான்டா கீது? ஒரு நாளாச்சும் தொறந்து பாத்தியா?"

அவனும் சிரிப்பான். ஆனால் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சுற்று ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பு கிடையாது. அந்த வருடம் ஜூலையில் வடக்கே ஒரு ஊரில் தேர்வுப் போட்டி. முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் தொடரோட்டத்தில் ஓடுவார்கள், ஐந்தாவதும் ஆறாவதும் வருகிறவர்கள் வெளியே நிற்பார்கள் என்று இந்த முறை எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பத்தாவது நாள் காலையில் அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பவர். அன்னக்கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒன் நோட்ட எடு. எம் புள்ளைக்கு இன்னா போட்டுக்கீதுன்னு பாத்து சொல்லு."

"அக்கா, இது ஜாதகம் இல்ல. ஓட்டக் கணக்கு."

"ரெண்டும் நோட்டுதான? பொண்ணு வூட்ல கேட்டுகினே கீறாங்க. ஓடுறத வுட்டாதான் பேச்சுன்றாங்க. அவன் இந்த ஒரு வாட்டி, இந்த ஒரு வாட்டின்னு மூணு வருசமா சொல்லிகினு கீறான். ஓடுவானா மாட்டானா? அத்த மட்டும் சொல்லு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் என் நோட்டுகளைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒன்பதாவது நோட்டை எடுத்தேன். என் பட்டியலில் இருந்த ஓட்டக்காரர்களில் இருபத்தெட்டு வயது முடிந்த பிறகு தன் நேரத்தைக் குறைத்தவர் யாருமே இல்லை என்பது நான் பல வருட உழைப்பில் கண்டுபிடித்திருந்த விதி. அவனுக்கு ஜூன் முதல் தேதியோடு இருபத்தெட்டு முடிந்திருந்தது. விரலை வைத்துக் காட்டிப் படித்தேன்.

"அப்ப ஊத்திக்கிச்சா?" என்றார்.

"விதி அப்படித்தான் சொல்லுது அக்கா."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் செய்தி மாடிக்குப் போய்விட்டது. ஓட்டக்காரர்களைப் போல சகுனம் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை; ஒரே சாக்ஸைத் துவைக்காமல் ஒரு சீசன் முழுவதும் போட்டவனெல்லாம் என் நோட்டில் இருக்கிறான். இவன் மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வியாழக்கிழமை மாடியிலிருந்து பிரியாணி வாசம் வந்தது. ஆறு மாதமாக அவித்த முட்டையின் வெள்ளைக்கரு தின்றவன் வீடு அது. வெள்ளிக்கிழமை படியில் எதிரே வந்தான். கையில் இன்னொரு பொட்டலம்.

"ஏன்டா இப்படி?"

"நீதான மாமா சொன்ன. இருபத்தெட்டு முடிஞ்சா ஒருத்தனும் தேறலன்னு. நான் மட்டும் இன்னா சொக்கத் தங்கமா?" என்றவன், பொட்டலத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, "பீஸ் வேணுமா?" என்றான்.

சனிக்கிழமை மார்க்கெட்டுக்கே போய் அவன் அம்மாவைப் பிடித்தேன். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்குமா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

"அக்கா, அவன் ஜூன் ஒண்ணாம் தேதி எத்தனை மணிக்குப் பொறந்தான்?"

அவர் கத்தியை நிறுத்தினார். "ஜூன் ஒண்ணா? யாரு சொன்னது?"

"சர்ட்டிபிகேட்ல, பாஸ்போர்ட்ல எல்லாத்துலயும் அதுதானே இருக்கு."

"அது ஹெட்மாஸ்டரு போட்டது. வூட்ல வெச்சிக்கினு ஏலத்துக்குப் போவ முடியல, அஞ்சு வயசு ஆயிடுச்சின்னு இஸ்துகினு போய் உக்கார வெச்சேன். சோத்துக் கையி தலைக்கு மேல சுத்தி வந்து காதத் தொட்டுச்சு. போதும்னுட்டாரு. ஜூன் ஒண்ணுன்னு எழுதினாரு. அன்னிக்கி சேந்த அத்தினி புள்ளைங்களுக்கும் அதே தேதிதான். அடுத்த வூட்டு ரெட்டப் புள்ளைங்களுக்கும் அதான், அதுங்க தங்கச்சிக்கும் அதான்."

செதில் என் சட்டையில் தெறித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சிற்றிதழில் ஆறு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். நம் ஒரு சுற்று ஓட்டக்காரர்களில் மிகப் பலர் மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் பிறந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, கோடை உச்சத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலுக்குத் தனி வலு உண்டு என்று நிறுவியிருந்தேன். மூன்று வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர் தன் மருமகளின் பிரசவத் தேதியைக் குறிப்பிட்டு ஆலோசனைகூடக் கேட்டிருந்தார். நாடு முழுவதும் ஹெட்மாஸ்டர்கள் ஜூனில் பள்ளி திறக்கிற அன்று ஒரே பேனாவால் ஒரே தேதியைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். நான் அதில் நுரையீரலைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

"அப்ப எப்பதான் பொறந்தான்?"

"மாதா கோயில் திருநாளுக்குக் கொடி ஏத்துறதுக்கு ரெண்டு நாளு முந்தி. அது நல்லா ஞாபகம் கீது. வருசம் கேக்காத. அது கோயில் பொஸ்தகத்துல கீது."

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் அவரும் நானும் மாதா கோயில் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். உபதேசியார் ஞானஸ்நானப் பதிவேட்டைத் துணியிலிருந்து பிரித்து எடுத்தார். எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு ஆசையோடு நான் பார்த்ததில்லை. நீல மையில், சாய்வெழுத்தில், பிறந்த தேதி தனிக் கட்டம், ஞானஸ்நானத் தேதி தனிக் கட்டம். ஆகஸ்ட் கடைசி வாரம்; அதுவும் பள்ளிக்கூடத்துத் தேதிக்கு மறு வருடம். விரலால் மாதங்களை எண்ணினேன். பதினைந்து மாதத்துக்குச் சில நாள் குறைவு.

"அக்கா, அவனுக்கு இன்னும் இருபத்தேழே ஆகல."

"அப்ப நோட்டு இன்னா சொல்லுது?"

"ஓடலாம்னு சொல்லுது."

"பாத்தியா, நான் அப்பவே நெனச்சேன். புள்ள பாக்க சின்னதாத்தான் கீறான்," என்றார் உபதேசியாரிடம், மகன் ஆறடி உயரம் என்பதை மறந்து.

படியேறிப்போய் அவனிடம் சொன்னேன். கண்ணாடி முன் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "அதான் மீசையே சரியா வரல," என்றான். திங்கட்கிழமை விடியற்காலை அவன் ஸ்பைக்ஸ் ஷூ பையோடு படியிறங்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டு மறுபடி தூங்கப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் தேதி பொய் என்றால், மற்றவர்கள் தேதி? என் விதி முழுவதும் ஹெட்மாஸ்டர்கள் எழுதிய தேதிகளின் மேல்தானே நிற்கிறது? எழுந்து ஒன்பதாவது நோட்டைப் புரட்டினேன். ஜூன் ஒன்று, ஜூன் இரண்டு, மே முப்பத்தொன்று, ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று. இருபத்தெட்டில் நின்றுபோனதாக நான் எழுதிய ஒவ்வொருவரும் உண்மையில் இருபத்தாறிலோ முப்பதிலோ நின்றிருக்கலாம். விதி என்று ஒன்றே இல்லை. இவனுடைய ஒரு தேதியைச் சரி செய்து, அந்தத் தேதியைக் கொண்டே, இல்லாத விதியைக் காட்டி இவனை ஓட அனுப்பியிருக்கிறேன்.

சொல்லிவிட வேண்டியதுதான் முறை. ஆனால் அன்று மாலை மைதானத்திலிருந்து திரும்பியவன் என் கதவைத் தட்டி, "முந்நூறுக்கு அப்புறம் வழக்கமா காலு சிமெண்டு மூட்ட மாரி ஆயிடும் மாமா. இன்னிக்கி ஆவல. வயசு கொறைஞ்சதுல இருந்து ஷோக்கா கீது," என்றான். நான் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டேன். வாழ்க்கையில் தவறான தேதிகளைத் தெரிந்தே திருத்தாமல் விட்டது போட்டி வரையிலான அந்த மூன்று வாரம் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் நெஞ்சை அரித்தது.

தேர்வுப் போட்டிக்கு நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். அவன் அம்மா வறுத்த நெத்திலிக் கருவாட்டை டப்பாவில் போட்டு மூன்று கவர் சுற்றிக் கொடுத்திருந்தார். விஜயவாடா தாண்டி அதைத் திறந்தோம். எதிர் சீட்டுக்காரர் எழுந்து கதவோரம் போனவர் நாக்பூர் வரை திரும்பவில்லை.

இறுதி ஓட்டத்தில் அவனுக்கு எட்டாவது லேன் விழுந்தது. ஒரு சுற்று ஓடுகிறவர்கள் அந்த லேனைச் சாபம் என்பார்கள். வளைவுக்காக ஒவ்வொருவரையும் சற்று முன்னே தள்ளித் தள்ளி நிறுத்துவதால், எட்டாவது லேன்காரன் எல்லாருக்கும் முன்னால் நிற்பான். அவனுக்கு யாரும் தெரியமாட்டார்கள், அவன் மட்டும் எல்லாருக்கும் தெரிவான். நான் தடுப்புக் கம்பி வரை போய், "பயப்படாதே" என்றேன், என் குரல் நடுங்க.

"முன்னாடி ஒருத்தனும் இல்ல மாமா," என்றான் காலை உதறிக்கொண்டே. "கெளம்பறதுக்கு முன்னாடியே ஃபர்ஸ்ட்ல கீறேன்."

வெடி வெடித்தது. முதல் இருநூறு மீட்டர் அவனைப் பார்த்தால் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் போல இருந்தது. அவ்வளவு வேகம், அவ்வளவு கூச்சமின்மை. முந்நூறில் இரண்டு பேர் அவனைத் தாண்டினார்கள். நேர்ப்பாதைக்குள் வந்ததும் இன்னொருவன். நான்காவது இடம். இன்னும் அறுபது மீட்டர் இருந்தது. ஐந்தாவதாக வந்த நெட்டையன் இரண்டு லேன் தள்ளி நெருங்கிக்கொண்டே இருந்தான். இவன் தோள்கள் காதைத் தொட்டன, தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்துகொண்டது. அழகாக ஓடுகிறவர்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். அந்த அறுபது மீட்டரில் அழகு என்று எதுவும் இல்லை. கோட்டில் இருவரும் ஒன்றாக நெஞ்சை எறிந்தார்கள். எறிந்த வேகத்தில் இவன் முகம் தரையில் தேய்ந்தது.

படம் பார்த்து முடிவு சொல்ல நான்கு நிமிடம் ஆயிற்று. அதற்குள் இவன் வாந்தியை முடித்திருந்தான். பலகையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான்காவது வரியில் இவன் பெயர்.

நான் கம்பியைத் தாண்டிக் குதித்தேன் என்று அவன் பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை. அவன் புல்லில் மல்லாந்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"அம்மா, நாலாவது!"

"நாலாவதா?" என்றது போன். "அப்ப மூணு பேரு முன்னாடி பூட்டாங்களா?"

"நாலு பேரும் ஓடறோம் மா. நான் ஓடறேன். பை இல்ல. ஓடறேன்!"

அந்தப் பக்கம் யாரையோ, "ஏ, மீன அப்பறம் பாக்கலாம், அப்டி போ," என்று அதட்டுவதும், மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன. பிறகு, "தம்பி கீறாரா பக்கத்துல?"

"இருக்கேன் அக்கா."

"நல்லாரு தம்பி. ஒன் நோட்டுதான் எம் புள்ளைய ஓட வெச்சுச்சு. ஓடிட்டு வரட்டும். வந்தவொடன கல்யாணத்த வெச்சிக்கலாம். அப்பறம் அவனுக்கும் இருபத்தெட்டு ஆயிடும், நோட்டே வுடாது, இல்ல?"

மூன்று வாரம் அரித்தது அந்த நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. புல்வெளியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: ஹெட்மாஸ்டர்கள், ஜூன் ஒன்று, நுரையீரல் கட்டுரை, விதி என்று எதுவுமே இல்லை என்பது. ஸ்பீக்கர் போட்டிருப்பதை மறந்துவிட்டேன்.

அவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். தேய்ந்த கன்னத்தில் புல் ஒட்டியிருந்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"இரு மாமா. அப்ப இருபத்தெட்டு முடிஞ்சாலும் ஓடலாமா? முப்பதுலயும்?"

"அது... யாருக்கும் தெரியாது."

"அப்ப அடுத்த வருசம் ஏசியன் கேம்ஸு கீதே!"

"டேய்!" என்றது போன். "தம்பி, போன அவன் கையில குடுக்காத, நீயே வெச்சிக்க. இன்னா நோட்டு எழுதற நீ? ஓடாதன்னு ஒரு நாளு சொல்ற, ஓடுன்னு ஒரு நாளு சொல்ற, இப்ப இன்னாடான்னா செத்தாலும் ஓடலாம்ன்ற. பொண்ணு வூட்டுக்கு நான் இன்னா பதிலு சொல்றது? நீயே வந்து சொல்லு. நாளைக்கே வா!"

"நாளைக்கு ரயில்ல இருப்போம் அக்கா," என்றேன்.

"எத்தினி மணிக்கு எறங்குறீங்க?"

நாளையும் நேரத்தையும் சொன்னேன். தப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை.