கையில் என்று சொன்ன மரு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் குளிக்கும்போது என் மார்பில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. அன்றைக்கே மருமகளிடம் சொல்லித் தேனிக்கு பஸ் ஏறிவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இவ்வளவு கூச்சக்காரிக்கு எப்படி இந்தத் தைரியம் என்று மருமகள் கேட்டாள். அதைச் சொல்லத்தான் இது.

எனக்கு எட்டு வயசிருக்கும். அந்தச் சித்திரையில் அம்மாவுக்குத் திடீரென்று என்மேல் நம்பிக்கை வந்தது. உலை வைக்க, கஞ்சி வடிக்க, தம்பியைத் தூங்கவைக்க, என் தலையை நானே பின்ன எல்லாம் பழக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சேலை மாற்றும்போது ஒருநாள் அம்மாவின் மார்போரம் சின்னப் புடைப்பைப் பார்த்துவிட்டேன். மரு என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு அம்மாவும் நானும் போனோம். ஓடைப்பட்டியில் வாக்கப்பட்ட அத்தை, அப்பாவின் தங்கை, கூட வந்தாள். மரு உதிர ஆத்தாளுக்கு உப்பும் மிளகும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த இடத்தில் என்று வாய்விட்டுச் சொல்லிப் போட வேண்டும். அத்தை பக்கத்தில் நின்றதால் அம்மா, கையில் இருப்பது உதிரணும் தாயி என்று சொல்லிக் கொட்டினாள். எனக்குப் பதறிவிட்டது. ஆத்தா கையைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று போய்விட்டால்?

மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"கையில இல்ல ஆத்தா, அம்மாவுக்கு நெஞ்சுல."

வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஆத்தாகிட்டயே இடத்த மாத்திச் சொல்றீகளே மதினி. டாக்டரம்மாகிட்ட என்னத்தச் சொல்லுவீக?"

காட்ட வெட்கமாக இருக்கிறது என்றாள் அம்மா.

"வெக்கப்பட்டுக்கிட்டே வாங்க. விடியவும் நானே இழுத்துட்டுப் போறேன்."

அப்படியே செய்தாள். அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெறும் கொழுப்புக் கட்டி என்று முடிவு வந்த அன்று, அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

"போயி விளையாடு புள்ள."

சீப்பையும் வாங்கி அவளே தலை பின்னிவிட்டாள். சோறு குழைந்துவிட்டதா, தம்பியைச் சரியாகப் பார்க்கவில்லையா, எதற்காக என்னை வேலையை விட்டு நீக்குகிறாள் என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். தான் இல்லாத வீட்டுக்கு என்னைத் தயார் செய்திருக்கிறாள் என்பது, நானே பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

அத்தை பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உப்புப் போட்டது கொடிமரத்தடியிலா, ஆற்றங்கரைப் பக்கமா என்று விசாரித்துத் திருத்திவிடுங்கள். அகப்பையை வாங்கியதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.