ஹென்யாவின் எண்ணிக்கை

எங்கள் ஊரில் ரொட்டி சுட்டு விற்றவள் ஹென்யா. நாஜிகள் எங்களை அடைத்துவைத்த முகாமிலும் ஆறு பேருக்குக் கிடைக்கும் ஒரே ரொட்டியைப் பங்கு போடுவது அவள்தான். யூதர்களான நாங்கள் மனிதரை எண்ணுவதில்லை. எண்ணினால் கண்ணேறு பட்டுவிடும் என்று பயம். அதனால் அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, “ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல” என்று சொல்லித்தான் துண்டைத் தருவாள்.

“தினம் விடியக்காலைல காவல்காரி நம்மள எண்ணுறாளே, அப்பப் படாத கண்ணா?” என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான ஸிரெல் கேலி செய்வாள்.

“அவ எண்ணட்டும்டி வாயாடி. ஆண்டவன் பிள்ளைங்கள நாம எண்ண வேணாம்.”

நூல் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. பனிக்காலத்தில் ஹென்யாவுக்குக் காய்ச்சல் கண்டது. வரிசையில் நிற்க முடியாதவர்களை லாரியில் ஏற்றிப் போவார்கள்; போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. மறுநாள் காலை எண்ணிக்கை வரிசையில் அவள் வழுக்கி விழாதபடி அவளுடைய மரச் செருப்புகளைப் பனியில் அழுத்திப் புதைத்தோம். ஸிரெலும் நானும் இரு பக்கமும் தோளை ஒட்டி நின்றோம்.

காவல்காரி தடியை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். ஹென்யாவின் முழங்கால் மடங்கியது. எங்கள் தோள்கள் தாங்கிக்கொண்டன. தடி அவளைக் கடந்து போயிற்று.

“என்னை எத்தனாவதா எண்ணினாடி?” என்று ஹென்யா முனகினாள்.

ஸிரெல் அவள் காதோரம் சாய்ந்தாள்.

“நீ ஒண்ணு இல்லக்கா. இவ ரெண்டு இல்ல. நான் மூணு இல்ல.”