பகல் பன்னிரண்டுக்குள் ஓர் இன்ஜின்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தை மாதம். ஆரணியில் சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். அரிசி மில்களில் உமி ஏற்றி, தேவிகாபுரம், தேசூர் பக்கத்துச் செங்கல் சூளைகளில் இறக்குவதுதான் பிழைப்பு. வண்டி என்னிடம் மூன்றாம் கையாக வந்தது. கிலோமீட்டர் காட்டும் முள் எனக்கு முன்பே செத்துப்போயிருந்ததால், இன்ஜின் எத்தனை லட்சம் ஓடியது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அறுவடை முடிந்து மில்கள் ஓயாமல் ஓடும் நேரம் பார்த்து அந்த இன்ஜின் படுத்துவிட்டது. ஒரே நீலப் புகை. சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்கியது. எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. பத்து நாளில் வண்டி வராவிட்டால் லோடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மில் முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அப்போது ஒரு புரோக்கர் வந்தார். விபத்தில் நொறுங்கிய லாரி ஒன்றின் இன்ஜின் வேலூரில் இருக்கிறதாம், இரண்டு வருடம்கூட ஓடாததாம். மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் பணம் வேண்டும், இல்லையென்றால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்றார்.

அவ்வளவு பணம் என்னிடம் ஏது? என் மனைவியிடம் இருந்தது. அடுத்தவர் தறியில் கூலிக்குப் பட்டு நெய்தவள், சொந்தமாக ஒரு தறி போட ஆறு வருடமாகச் சேர்த்த பணம். கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் பெட்டியைத் திறந்தாள். "இன்ஜினுக்கு வயசாயிடுச்சுன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் பாய் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பழைய இன்ஜினை இறக்கி வையுங்கள், சாயங்காலம் வேறு வருகிறது என்றேன்.

"அவுத்துப் பாக்காம தூக்கிப் போடாதீங்கணா. பன்னண்டு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இன்ஜினை மாற்றினால் அவருக்கு ஒரு நாள் கூலி, பிரித்து வேலை பார்த்தால் ஒரு வாரக் கூலி. ஆள் வலை விரிக்கிறார் என்றே நினைத்தேன். எப்படியும் பன்னிரண்டு வரை சும்மாதானே இருக்கப்போகிறோம் என்று வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தேன்.

பத்து மணிக்குள் இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டார். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்குள் என் விரலைப் பிடித்து வைத்தார். வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தது.

"இது வயசுல தேஞ்சது இல்லணா. மண்ணு தின்னுகினு ஓடியிருக்கு. ஏர் ஃபில்டர் எங்க?"

"அத வுடுங்க பாய், ஆவற வேலையப் பாருங்க" என்று அதட்டினேன். அவர் அதற்குள் எழுந்துபோய், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே ஃபில்டர் இல்லை. கயிறு போட்டு ஒரு பட்டுத் துணி கட்டியிருந்தது. கட்டியவன் நான்.

உமி லோடு அடிக்கும் வண்டிக்குத் தினமும் ஃபில்டரைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் தூசி அடைத்து வண்டி இழுக்காது. எனக்குச் சோம்பல். ஆரணிக்காரன் மூளை வேலை செய்தது. பட்டைவிட நெருக்கமான நெசவு உண்டா, தூசி எங்கே புகப்போகிறது என்று, ஃபில்டர் வலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தறியில் மிஞ்சிய துண்டு ஒன்றை மனைவியிடம் வாங்கிக் கட்டினேன். முதல் மாதம் வண்டி பறந்தது. அந்தப் பெருமையில் நான்கு டிரைவர்களுக்கு இலவச யோசனை வேறு சொன்னேன். அதோடு மறந்தும் போனேன்.

பாய் துணியை அவிழ்த்தார். சூட்டில் இற்றுப்போய், கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உதறியதும் அவர் உள்ளங்கையில் உமித்தூள் கொட்டியது. விரலால் நெருடினால் மணல்தான்.

அந்த நேரத்தில் மொபெட்டில் புரோக்கர் வந்து இறங்கினார். மணி பதினொன்றரை.

"இன்னாணா, பணம் ரெடியா? பார்ட்டி நின்னுகினு இருக்கான், ஜல்தி. அப்புறம் என்னைப் பேஜார் பண்ணாதீங்க."

என் கை தானாக இடுப்புக்குப் போனது. பாய் துணியைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கிராங்க் நல்லா இருந்தா இதையே பொழைக்க வெச்சுடலாம்ணா. அது போயிருந்தா அந்த இன்ஜினை வாங்கிக்கோங்க, நானே மாட்டித் தரேன்."

இன்ஜினுக்கு முதுகெலும்பு மாதிரியான அந்தக் கிராங்க் தண்டைப் பார்க்க, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். புரோக்கர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தத் தறி மட்டும்தான் கண்ணில் நின்றது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாயின் குரல் கேட்டது. "குனிஞ்சு வாங்கணா. நகத்தால தடவிப் பாருங்க."

தடவினேன். எண்ணெய்க்கு அடியில் இரும்பு கண்ணாடியாக வழுக்கியது. ஒரு கீறல் இல்லை.

"வேணாம்" என்று புரோக்கரிடம் சொன்னேன். அவர் திட்டிக்கொண்டே மொபெட்டைக் கிளப்பினார்.

ஒன்பதாம் நாள் சாவியைத் திருப்பினேன். முதலில் குபுக்கென்று வெள்ளையாகப் புகை வந்தபோது எனக்கு உயிரே இல்லை. பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து, அப்புறம் இல்லாமலே போனது. அவர் கூலி கேட்பதற்கு முன்னால் புது ஃபில்டர் வலையை என் கையால் மாட்ட வைத்தார். பழைய துணியையும் திருப்பிக் கொடுத்தார். ஷெட்டில் யாரிடமும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. வீட்டுக்குப் போய்ப் பணத்தோடு அந்தத் துணியையும் மனைவி முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"வண்டிக் கண்ணாடி தொடைக்கன்னுதானே கேட்டீங்க? நெசத்த சொல்லியிருந்தா, பாவுக்கும் ஊடைக்கும் நடுவுல எவ்ளோ சந்து இருக்கும்னு நெய்யறவ எனக்குத் தெரியாதா?"

ஊரெல்லாம் யோசனை சொன்னவன், பட்டைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் அவள் தறி எங்கள் கூடத்தில் இறங்கியது. அவள் கால் இறக்கி மிதிக்கும் குழியைத் தோண்டியது நான்தான்.

இன்றைக்கும் எதையாவது பார்த்து, பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தால், இதன் வாயில் நான் என்ன கட்டி வைத்தேன் என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.