கொடி தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரியா?

நடுவராக உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தகராறு.

கைலாசபுரத்து ஆலையில் முப்பத்தோரு வருடம் மார்க்கிங் ஃபிட்டராக இருந்தேன். டிராயிங் பார்த்து இரும்பில் கோடு போடுகிற வேலை. ரிட்டயர் ஆனதும் தில்லைநகரில் ஜெரோம் நடத்தும் விளையாட்டுக் கடையில் சேர்ந்தேன். மாடியில் பெரிய மேசைகள். அதில் விரல் நீளத்துக்கும் குறைந்த பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பெரிய மனிதர்கள் போர் விளையாடுகிறார்கள். டேப் பிடித்து அளந்து நகர்த்துவார்கள். பகடை போட்டு அம்பு விடுவார்கள். மேசைக்கு வேண்டிய மலை, வீடு, சுவர் செய்வது என் வேலை. ஏற்கெனவே இரண்டு நடுவர்கள் ஓடிப்போனதால் நடுவர் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஜெரோம் காலையிலேயே சொல்லிவிட்டார். “அண்ணே, கீழ் வீட்டுக்காரரு ஏறி வந்து கத்திட்டுப் போறாரு. இன்னைக்கும் சத்தம் வந்தா ஞாயித்துக்கிழமை ஆட்டமே கிடையாது.”

ஆட்டம் இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை.

ஒரு பக்கம் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், கணக்கு வாத்தியார். எதிரே ரயில்வே பீட்டர். பீட்டரின் தளபதி சுவருக்குப் பின்னால் நின்றான். முதுகில் கட்டிய கொடியின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. அதைப் பார்த்து ரங்கராஜன் அம்பு விட்டார். விதிப்புத்தகத்தில், ‘ஆளின் எந்தப் பகுதி தெரிந்தாலும் அம்பு விடலாம்’ என்று இருக்கிறது. கொடியைப் பற்றி ஒன்றும் இல்லை.

“கொடியும் அவனோட அங்கம்தானே? புறப்பாட்டுல குடை வரதுன்னா பெருமாள் வரார்னுதானே எல்லாரும் கை கூப்பறா?” என்றார் ரங்கராஜன்.

“மொட்டை மாடில காயுற என் சட்டைய சுட்டா நான் செத்துடுவனா சார்?”

“சட்டைக்குள்ள நீங்க இருந்தா?”

“காயப்போட்ட சட்டைக்குள்ள நான் எதுக்கு சார் இருக்கப்போறேன்?”

இரண்டு பேரையும் இடம் மாறி உட்காரச் சொன்னேன். எதிராளி பக்கம் உட்கார்ந்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். பீட்டர் இப்போது குடைக் கட்சி பேச ஆரம்பித்தார். ரங்கராஜன் சட்டைக் கட்சி பேசினார். முன்பைவிடச் சத்தம் கூடியது. ஜெரோம் படிக்கட்டில் வந்து நின்று என்னையே பார்த்தார்.

வேறு வழி தெரியவில்லை. பாக்கெட்டில் இருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். கொடி நுனி நாற்பத்து மூன்று மில்லி. சுவர் நாற்பது. ஜெரோம் எழுதித் தந்த சீட்டில், ‘சுவர் உயரம் 40, அடிப்பலகை 6’ என்று இருந்தது நினைவுக்கு வந்தது. பலகையையும் சேர்த்து நாற்பதாக நான் செய்திருந்தேன்.

“தம்பி, சீட்டுல போட்ட நாப்பது, பலகையோட சேர்த்தா, சேர்க்காமலா?”

“சேர்க்காமத்தான். அதைக்கூடவாண்ணே கேக்கணும்?”

கேட்டிருக்க வேண்டும். ஆலையில் டிராயிங்கில் சந்தேகம் வந்தால் டிசைன் ஆபீஸில் கேட்டு, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் கோடு போடுவேன். இது பொம்மைச் சுவர்தானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேரிடமும் சொன்னேன். “கொடிய விடுங்க. தப்பு என்னோடது. சுவர் ஆறு மில்லி குட்டை. சரியா செஞ்சிருந்தா கொடியே தெரிஞ்சிருக்காது.”

இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான். திட்டி முடித்ததும் ரங்கராஜன் அம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தன் முறை வந்ததும் பீட்டரே தளபதியைச் சுவருக்கு வெளியே நகர்த்தினார். கொடியோடு செத்தான். யாரும் கத்தவில்லை. ஜெரோம் எல்லோருக்கும் டீ சொன்னார்.

இப்போது ஆட்டத்துக்கு முன் இரண்டு பேரையும் மேசையைச் சுற்றி நடக்க வைக்கிறேன். “கொடி?” என்று கேட்பேன். “கணக்குல இல்ல” என்பார்கள். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

அந்தச் சுவரின் மேல் ஆறு மில்லி பட்டை ஒன்று ஒட்டினேன். அதற்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. என் கண்ணில் பட வேண்டும்.